மலையா, கடலோரமா: சளிப் பூஞ்சைக்கு எது வசதி?

மேலே போகப் போகக் குளிர் கூடும், மூடுபனி கூடும், மரமெல்லாம் பாசி படர்ந்திருக்கும். ஈரத்தில் வாழும் உயிருக்கு மலைதானே சொர்க்கம்? கடலோரத்தில் உப்புக் காற்று, சுள்ளென்ற வெயில், மணல். அங்கே என்ன கிடைத்துவிடப் போகிறது? சளிப் பூஞ்சை என்று பேச்செடுத்தால் பெரும்பாலோர் இப்படித்தான் கணக்குப் போடுவார்கள். களத்தில் இறங்கிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. ஈக்வடாரில் ஆண்டிஸ் மலையின் மேற்குச் சரிவில் மாகிபுக்குனா என்றொரு மேகக்காடு இருக்கிறது. மார்ட்டின் ஷ்னிட்லர், கார்லோஸ் லாடோ, ஸ்டீவன் ஸ்டீபன்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் காட்டைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். உயரம் கூடக் கூட சளிப் பூஞ்சை இனங்கள் குறைந்துகொண்டே வந்தன. சொட்டச் சொட்ட நனைந்த மேல்பகுதிதான் ஏழ்மையான பகுதியாக இருந்தது.

இது ஏன் என்று புரிய, இந்த உயிர் எப்படி வாழ்கிறது என்று பார்க்க வேண்டும். பெயரில் பூஞ்சை இருந்தாலும் இது பூஞ்சை இல்லை, அமீபாக்களின் உறவினம். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே ஜெர்மன் தாவரவியலாளர் அன்டோன் டி பாரி இதைச் சொல்லிவிட்டார். ஆனாலும் தாவரவியல் பாடத்தில் பூஞ்சைகளோடு சேர்த்துப் படிக்கும் பழக்கம் நெடுநாள் விடவில்லை. காற்றில் வந்து விழும் ஒரு வித்து, நீர் பட்டதும் வெடித்து ஓர் அமீபா வெளியே வரும். தண்ணீர் தேங்கினால் அதுவே வால்போன்ற இழை முளைத்து நீந்தும். தண்ணீர் வற்றினால் இழையை உள்ளிழுத்துக்கொண்டு ஊரும். பாக்டீரியாவைத் தின்று பெருகும். பொருத்தமான இரண்டு செல்கள் சேர்ந்தால் பிளாஸ்மோடியம் உருவாகும். சுவரே இல்லாமல், ஆயிரக்கணக்கான உட்கருக்களைச் சுமந்துகொண்டு, மஞ்சளாகவோ வெள்ளையாகவோ வலைபோல் விரிந்து நகரும் ஒற்றைச் செல் அது. நரம்புபோல் ஓடும் குழாய்களில் திரவம் ஒரு நிமிடம் முன்னால் ஓடும், நிற்கும், பிறகு பின்னால் ஓடும். சாதாரண நுண்ணோக்கியிலேயே இதைப் பார்க்கலாம். முதல்முறை பார்ப்பவர் கண்ணை எடுக்க மாட்டார்.

பிளாஸ்மோடியம் சாப்பிட்டு முடித்ததும் வெளிச்சமும் காற்றும் படுகிற இடமாகத் தேடி ஏறும். அங்கே போய்ச் சில மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான வித்துப்பைகளாக மாறிவிடும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் உயரம். உள்ளே பத்து மைக்ரான் அளவில் உலர்ந்த வித்துத்தூள். இங்கேதான் விஷயம் இருக்கிறது. வளர ஈரம் வேண்டும், வித்து விட உலர்ச்சி வேண்டும். வடாம் பிழிகிறவர்கள் மாவு தளதளவென்று இருக்க வேண்டும் என்பார்கள், ஆனால் பிழிந்த பிறகு வெயில் அடிக்க வேண்டும் என்று வானத்தைப் பார்ப்பார்கள். அந்த நிலைதான் இதற்கும். உலர வேண்டிய நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் வித்துப்பை கரையும், அல்லது நிஜப் பூஞ்சைகள் அதன்மேல் வெள்ளையாகப் படர்ந்து தின்றுவிடும். தூள் நனைந்து ஒட்டிக்கொண்டால் காற்றும் தூக்காது. மேகக்காட்டில் நடப்பது இதுதான். போதாததற்கு அங்கே மரப்பட்டை முழுக்கப் பாசி மெத்தை. பட்டையில் வாழ வேண்டிய இனங்களுக்கு வெற்றுப் பட்டையே கிடைப்பதில்லை.

ஆக மலை, கடலோரம் என்ற பிரிவே இந்த உயிருக்கு ஓரளவுதான் பொருந்தும். ஓர் இடம் நனைவதும் காய்வதும் எந்தத் தாளத்தில் நடக்கிறது, அங்கே கிடக்கும் மரமும் சருகும் எப்படிப்பட்டவை என்ற இரண்டும்தான் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்பதைவிட அதிகம் பேசுகின்றன என்பது என் எண்ணம். உயரம் இந்த இரண்டையும் மாற்றுவதால் மட்டுமே அதற்கு மதிப்பு.

குளிர் நாட்டுக் காடுகளில் மட்கும் பெரிய மரத்தண்டுதான் சளிப் பூஞ்சைகளின் முதல் வீடு. டிரிக்கியா, ஸ்டெமோனிட்டிஸ், லைக்கோகாலா எல்லாம் அங்கே கூட்டம் கூட்டமாக வரும். வெப்பமண்டலத்தில் கதை வேறு. கரையானும் வெப்பமும் சேர்ந்து மரத்தை விரைவாகத் தீர்த்துவிடுகின்றன. தரையில் விழும் சருகு ஊறிப்போய்க் கிடக்கிறது. அதனால் தரையைத் தொடாமல் செடியிலேயே தொங்கும் காய்ந்த இலை, கிளையில் சிக்கிக்கொண்ட சருகு, மட்டையோடு தொங்கும் ஓலை இவற்றில்தான் அதிகம் கிடைக்கிறது. மழை பெய்ததும் நனையும், காற்றடித்ததும் காயும். வேறு யாரும் தேடிப் பார்க்காத இடங்களில்கூட இவை குடியிருக்கின்றன. ஹெலிகோனியா போன்ற பெரிய செடிகளின் பூங்கொத்து மடல்கள் வாடித் தொங்கும்போது அவற்றில் தனியான ஒரு கூட்டம் வாழ்வதை 2002ல் ஷ்னிட்லரும் ஸ்டீபன்சனும் எழுதினார்கள். அதற்கு முன் யாரும் அந்த மடலைப் பிரித்துப் பார்க்க நினைக்கவில்லை.

மரப்பட்டையின் அமிலத்தன்மை இன்னொரு பெரிய காரணி. பைன், ஸ்ப்ரூஸ் போன்ற ஊசியிலை மரங்களின் பட்டை புளிப்பானது. பிஹெச் 4 பக்கம் இருக்கும். அதில் வருகிற கூட்டம் ஒன்று, நடுநிலைப் பட்டையுள்ள அகன்ற இலை மரத்தில் வருகிற கூட்டம் வேறொன்று. பைசாரம் வகையறாக்கள் தங்கள் வித்துப்பைமேல் சுண்ணாம்பைப் பூசிக்கொள்பவை. புளித்த பட்டையில் அவற்றைக் குறைவாகவே பார்க்கலாம். மலையில் ஏற ஏற அகன்ற இலை மரங்கள் போய் ஊசியிலை மரங்கள் வருமானால் சளிப் பூஞ்சைப் பட்டியலும் மாறும். பார்ப்பவர் உயரத்தால் மாறியது என்று எழுதுவார். மாற்றியது பட்டை.

இத்தனை சிறிய உயிர்களை எண்ணுவதே தனி வித்தை. காட்டில் நடந்து கண்ணால் தேடினால் பெரியவை மட்டும் அகப்படும். மீதிக்கு ஈர அறை முறை என்று ஒன்று உண்டு. 1933ல் கில்பர்ட், மார்ட்டின் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதியதிலிருந்து உலகமெங்கும் இதைத்தான் செய்கிறார்கள். ஒரு கண்ணாடித் தட்டில் வடிதாள் விரித்து, உயிருள்ள மரத்திலிருந்து உரித்த பட்டைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் அடுக்கி, காய்ச்சி வடித்த நீரை ஊற்றி ஒரு நாள் விட வேண்டும். மறுநாள் அந்த நீரின் பிஹெச்சைக் குறித்துக்கொண்டு அதிகப்படி நீரைக் கொட்டிவிட்டு மூடிவைக்க வேண்டும். அப்புறம் தினமும் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியதுதான். முதல் சில நாட்களிலேயே எக்கினோஸ்டீலியம் மினூட்டம் எட்டிப் பார்க்கலாம். அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. கண்ணாடி ஊசிபோல் ஒரு காம்பு, அதன் தலையில் ஒரு வெளிறிய துளி. ஒரு பெருமூச்சு விட்டால் சாய்ந்துவிடும். சில இனங்கள் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் வரும். பொறுமையில்லாதவர் முதல் மாதத்தில் தட்டைக் கழுவிவிட்டால் அந்தக் காட்டில் அவை இல்லை என்று பதிவாகிவிடும்.

சரி, மலைக்கென்றே சொந்தமான சளிப் பூஞ்சைகள் உண்டா? உண்டு. பனிக்கட்டி உருகும் விளிம்பில் வாழும் கூட்டம் அது. ஸ்விட்சர்லாந்தின் ஜூரா மலைப்பகுதியைச் சேர்ந்த சார்லஸ் மெய்லான் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இவற்றைத் தேடித் தேடிச் சேர்த்து விவரித்தார். வசந்தத்தில் பனி பின்வாங்கும்போது, சில நாட்களுக்கு முன்புவரை பனிக்குள் அமுங்கிக் கிடந்த காய்ந்த புல்லிலும் புதர்க் குச்சியிலும் கறுப்பும் வெள்ளையும் மினுமினுக்கும் நீலமுமாக வித்துப்பைகள் அடர்ந்து நிற்கும். லாம்ப்ரோடெர்மா, மெரிடெர்மா, டிடெர்மா நிவியம் எல்லாம் இந்த வகை. குளிர்காலம் முழுக்கப் பனிப்போர்வைக்கு அடியில் பூஜ்ஜியம் டிகிரி அளவில் இவற்றின் அமீபாக்கள் பாக்டீரியாவை மேய்ந்துகொண்டிருக்கின்றன. தடித்த பனி அவற்றுக்குக் காப்பு; அதன் அடியில் மண் உறைவதில்லை.

இங்கேயும் உயரம் நேரடிக் காரணமில்லை. காகசஸ் மலையில் தெபெர்தா காப்பகத்தில் நான்கு ஆண்டுகள் கவனித்த ஷ்னிட்லர் குழுவினர் கண்டது இது: மண் உறைவதற்கு முன்பே பனி விழுந்து மூடிவிட்ட ஆண்டுகளில் வசந்தத்தில் வித்துப்பைகள் கொட்டிக் கிடந்தன. முதலில் வெற்று நிலத்தை உறைபனி தாக்கி, பிறகு தாமதமாகப் பனி விழுந்த ஆண்டில் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. அதே மலை, அதே உயரம். நீலகிரியில் டிசம்பர், ஜனவரியில் புல்வெளி வெள்ளையாக உறைந்து நிற்பதைப் பார்த்து அங்கேயும் இவை இருக்குமோ என்று கேட்கத் தோன்றலாம். ஊட்டியில் விழுவது உறைபனி. மாதக்கணக்கில் மூடிக் காக்கும் பனிப்போர்வை கிடையாது. இந்தக் கூட்டத்துக்கு அது ஆகவே ஆகாத நிலை.

இப்போது கடலோரத்துக்கு வரலாம். உப்பு பெரும்பாலான சளிப் பூஞ்சைகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்பது உண்மை. ஆனால் வெப்பமண்டலக் கடலோரத்தில் மழைக்காலமும் வறண்ட காலமும் தெளிவாகப் பிரிந்திருக்கும். காற்று ஓயாது வீசும். நனைந்தது சீக்கிரம் காயும். வித்து விடுவதற்கு இதைவிட நல்ல சூழல் வேண்டியதில்லை. வறண்ட காலத்தைப் பற்றிக் கவலையும் இல்லை: பிளாஸ்மோடியம் காய்ந்து கெட்டியாகி உறங்கும், அமீபா தன்னைச் சுற்றி உறை கட்டிக்கொள்ளும், வித்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். பவளப் பாறையும் சுண்ணாம்புப் பாறையும் உள்ள கரையாக இருந்தால் சுண்ணாம்பு பூசும் இனங்களுக்கு இன்னும் தோது. ஃபிலிப்பைன்ஸில் சாண்டோ தோமாஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் எரிமலைச் சரிவு, சுண்ணாம்புக் காடு, கடலோரக் காடு எல்லாவற்றிலும் ஒரே முறையில் சருகும் குச்சியும் சேர்த்துப் பல ஆண்டுகளாகப் பட்டியலிட்டு வருகிறார்கள். இந்த மாதிரி ஒப்பீடு வேறெங்கும் இவ்வளவு பொறுமையாக நடக்கவில்லை என்றே சொல்வேன்.

சிலியின் அட்டகாமா பாலைவனக் கரை இன்னும் விசித்திரமானது. மழை என்ற ஒன்றே அபூர்வம். கடலிலிருந்து எழுந்து கரையேறும் மூடுபனிதான் ஈரம். அங்கே அழுகிக் காயும் கள்ளிச் செடிகளின் உள்ளே லாடோவும் சக ஆய்வாளர்களும் சளிப் பூஞ்சைகளைக் கண்டார்கள். அதில் ஒன்று 2012ல் பைசாரம் அட்டகாமென்ஸே என்ற புதிய இனமாக விவரிக்கப்பட்டது. கள்ளியின் சதை தனக்குள் தண்ணீரைச் சேர்த்துவைத்திருக்கிறது. செடி செத்த பிறகு அந்த ஈரம் பாக்டீரியாவுக்கும் அதைத் தின்னும் அமீபாவுக்கும் போதுமானதாகிறது. கடலுக்குள்ளேயே போனவையும் இருக்கின்றன. மத்தியதரைக் கடற்பகுதியில் வாழும் ஊதாக் கடல்முள்ளெலி ஒன்றின் உடல் திரவத்தில், டிடிமியம் என்ற சளிப் பூஞ்சைக்கு மிக நெருங்கிய அமீபாக்கள் குடியிருப்பதை 2007ல் செக் ஆய்வாளர்கள் எழுதினார்கள். வித்துப்பை, காம்பு எதுவும் இல்லாமல் அமீபாவாகவே காலம் தள்ளுகிற வாழ்க்கை. காட்டில் மட்டும் தேடிக்கொண்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

மலையையும் கடலோரத்தையும் ஒரே மனிதர் ஒரே பகுதியில் ஆண்டுக்கணக்கில் தேடிய கதை ஜப்பானில் இருக்கிறது. கீ தீபகற்பத்தில் பிறந்த மினகாத்தா குமகுசு லண்டனில் பல ஆண்டுகள் பிரிட்டிஷ் அருங்காட்சியகமே கதியென்று இருந்துவிட்டு 1900ல் ஊர் திரும்பினார். 1901 முதல் 1904 வரை நாச்சி மலைக்காட்டில் தங்கி, பூஞ்சை, பாசி, சளிப் பூஞ்சை என்று சேகரித்தார். பிறகு தனபே என்ற கடலோர ஊருக்கு வந்து, 1941ல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். மாதிரிகளை இங்கிலாந்தில் ஆர்தர் லிஸ்டருக்கும் அவர் மகள் குலியெல்மா லிஸ்டருக்கும் அனுப்பினார். சளிப் பூஞ்சைகளுக்கு அந்தக் காலத்தில் அந்த வீடுதான் உச்ச நீதிமன்றம். 1921ல் குலியெல்மா மினகாத்தாவின் பெயரால் மினகாட்டெல்லா என்ற புதிய பேரினத்தையே அமைத்தார். அதன் மாதிரி எங்கே கிடைத்தது தெரியுமா? நாச்சியின் ஆழ்ந்த காட்டில் இல்லை. தனபேயில் அவருடைய வீட்டுத் தோட்டத்துப் பெர்சிமன் மரத்தின் பட்டையில்.

மினகாத்தாவின் கதையில் இந்தத் தலைப்புக்கு முக்கியமான பகுதி இனிமேல்தான். 1906ல் ஜப்பான் அரசு சிறு கோயில்களை ஒன்றாக்கும் ஆணை போட்டது. ஒரு ஊருக்கு ஒரு கோயில் போதும் என்றார்கள். மூடிய கோயில்களைச் சுற்றியிருந்த தோப்புகள் வெட்டி விற்கப்பட்டன. கடலோரச் சமவெளியில் மற்ற இடமெல்லாம் வயலாகவும் வீடாகவும் மாறிவிட்ட நிலையில், பழைய பசுமைமாறாக் காட்டின் மிச்சம் அந்தத் தோப்புகளில்தான் இருந்தது. மினகாத்தா பத்திரிகைகளில் எழுதித் தள்ளினார், அதிகாரிகளுடன் மோதினார், 1910ல் கைதாகி 18 நாள் உள்ளே இருந்தார். சிறைக்குள்ளும் ஒரு சளிப் பூஞ்சையைக் கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள். அவரைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் இதை நம்பத் தயங்க மாட்டார்கள். தனபே வளைகுடாவிலுள்ள காஷிமா என்ற குட்டித் தீவின் காட்டைக் காப்பாற்றியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1929 ஜூன் 1 அன்று பேரரசர் ஹிரோஹிட்டோ அந்தத் தீவுக்கு வந்தார். அவரும் சளிப் பூஞ்சை சேகரிப்பவர். மினகாத்தா 110 மாதிரிகளைக் காகித மிட்டாய்ப் பெட்டிகளில் போட்டு அவருக்குக் கொடுத்தார். பேரரசருக்குக் கொடுப்பது என்றால் பாலோனியா மரத்தில் செய்த பேழை தேடுவதுதான் வழக்கம். 1935ல் காஷிமா இயற்கை நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இதை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல நாடுகளில் மலைப் பட்டியல் நீளமாகவும் கடலோரப் பட்டியல் குட்டையாகவும் இருப்பதற்குக் கடல் பெரும்பாலும் பொறுப்பில்லை. கடலோரம் மக்கள் குடியேறிய இடம். பெரிய மரமும் கிடந்து மட்கும் தண்டும் அங்கே முதலில் போய்விடுகின்றன. மலையில் தேசியப் பூங்கா இருக்கிறது, ஆய்வாளர் தங்க விடுதி இருக்கிறது, கோடையில் குளிர்ச்சியும் இருக்கிறது. அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைகளில் 1998ல் தொடங்கிய எல்லா உயிர்களையும் எண்ணும் திட்டத்தில் 200க்கு மேற்பட்ட சளிப் பூஞ்சை இனங்கள் பதிவாகின. கயிறு கட்டி மரத்தின் உச்சிக்கு ஏறிப் பட்டை சேகரித்தார்கள்; டயாக்கியா ஆர்போரிக்கோலா என்ற புதிய இனம் அப்படித்தான் 2004ல் பெயர் பெற்றது. இவ்வளவு உழைப்பு எந்த அலையாத்திக் காட்டுக்காவது கிடைத்திருக்கிறதா? நம் பக்கமும் இதே கதைதான். இலங்கையில் டாம் பெட்ச் கண்டிக்கு அருகே பேராதனைத் தோட்டத்தில் இருந்துகொண்டு 1910ஐ ஒட்டி அத்தீவின் சளிப் பூஞ்சைப் பட்டியலை வெளியிட்டார். சோழமண்டலக் கரையில் ஐயனார் கோயில் காடுகளாகத் தப்பிப் பிழைத்திருக்கும் உலர் பசுமைமாறாக் காடுகளோ தனபேயின் தோப்புகளைப் போலவே பழைய பட்டையும் சருகும் மட்கிய மரமும் ஒருசேர இருக்கும் இடங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை வெயில் தொடங்கும் இடைவெளியில் அங்கே பைசாரமும் டிடிமியமும் தேடுவது கோடைக்கானலுக்குப் போவதற்குக் குறைந்த வேலையில்லை.

சளிப் பூஞ்சை என்ற பெயருக்குள் இன்னொரு கூட்டமும் ஒளிந்திருப்பதால் குழப்பம் கூடுகிறது. டிக்டியோஸ்டீலிட்கள் எனப்படும் செல் சளிப் பூஞ்சைகள் மண்ணில் வாழ்பவை. இவற்றில் பிளாஸ்மோடியம் கிடையாது. பசி வந்ததும் தனித்தனி அமீபாக்கள் ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் கூடி ஒரு குட்டி நத்தைபோல் நகர்ந்து, காம்பும் தலையுமாக எழும். ஆய்வகங்களில் புகழ்பெற்ற டிக்டியோஸ்டீலியம் டிஸ்காய்டியம் வட கரோலினாவின் மலைக்காட்டுச் சருகில் கென்னத் ரேப்பர் கண்டு 1935ல் விவரித்தது. ஜேம்ஸ் கேவெண்டர் போன்றவர்கள் உலகம் முழுக்க மண் சேகரித்துப் பார்த்ததில், இவை வெப்பமண்டலத் தாழ்நிலக் காடுகளில் அதிகம், வடக்கே போகப் போகவும் மேலே போகப் போகவும் குறைவு என்று தெரிந்தது. மற்ற உயிர்களைப் போலத்தான். ஆனால் இதுவரை பேசிய பிளாஸ்மோடியக் கூட்டமோ மிதவெப்பக் காடுகளில்தான் அதிக இனங்களைக் காட்டுகிறது. காரணம் வித்துதான் என்று தோன்றுகிறது. டிக்டியோஸ்டீலிட்களின் வித்து பிசுபிசுப்பான துளிக்குள் இருக்கும். மண்புழு, எலி, பறவைக் கால் போன்றவைதான் அதைச் சுமக்கும். உலர வேண்டிய கட்டாயம் அதற்கில்லை, ஆகவே சதா ஈரமான காடும் பிரச்சினையில்லை. காற்றை நம்பும் உலர் தூள்காரர்களுக்குத்தான் மேகக்காடு சங்கடம்.

காற்றை நம்புவதில் ஒரு லாபமும் இருக்கிறது. ஜப்பானில் 2009ல் காற்றை வடிகட்டி டிஎன்ஏ பார்த்தபோது சளிப் பூஞ்சை வித்துகள் அதில் மிதந்துகொண்டிருந்தன. அதனால் ஆர்சிரியா சினரியா மாதிரியான இனங்கள் ஆப்பிரிக்கக் கரையிலும் அமேசானிலும் ஐரோப்பிய மலையிலும் ஒரே உருவத்தில் தென்படுகின்றன. ஆனால் உருவம் ஒன்றாக இருந்தால் இனம் ஒன்றுதானா? டிரிக்கியா வேரியா என்ற மஞ்சள் வித்துப்பை இனத்தை ஃபெங், ஷ்னிட்லர் இருவரும் 2015ல் மரபணு வழியே பார்த்தபோது ஒன்றோடொன்று கலக்காத மூன்று இனங்கள் அதற்குள் இருந்தன. பொன் வலைபோலப் படரும் ஹெமிட்ரிக்கியா செர்பூலாவிலும் இதே மாதிரிப் பிளவுகள் தெரிந்தன. மண்ணிலிருந்து நேரடியாக டிஎன்ஏ எடுக்கும் ஆய்வுகளோ, வித்துப்பையாக யாரும் பார்த்திராத பல டிஎன்ஏ வரிசைகளைக் காட்டுகின்றன. அமீபாவாக ஓர் இடத்தில் வாழ்வது ஒன்று, அங்கே வித்து விடும் அளவுக்கு வசதி கிடைப்பது வேறொன்று. நாம் மலைக்கும் கடலோரத்துக்கும் எழுதிவைத்திருக்கும் பட்டியல்கள் எல்லாம் இரண்டாவதைத்தான் எண்ணியிருக்கின்றன.